அவன் கேட்ட மதர்போர்டு

என் தம்பியை இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டபோது அவனுக்கு இருபத்தாறு வயது. கும்மிடிப்பூண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், கெமிக்கல் கம்பெனிகளுக்கு இரும்பு டாங்கிகள் செய்து கொடுக்கும் ஒரு ஷெட்டில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தான். நான் அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பி மில்லில் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் இருந்தேன். மணவாள நகரில் அப்பா விட்டுப்போன வீட்டில் நான், என் மனைவி, அவன், மூன்று பேர்தான். அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. தினமும் காலையில் நானும் அவனும் ஒன்றாகக் கிளம்பி, பெரியபாளையத்தில் பஸ் மாறி வேலைக்குப் போவோம். அவன் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தூங்கிவிடுவான். இறங்கும் இடத்தில் நான் எழுப்ப வேண்டும்.

முதலில் கால்தான் வீங்கியது. செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் மறையாமல் இருந்தது. நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் என்று அவன் சொன்னான், நாங்களும் நம்பினோம். அப்புறம் வாந்தி, தூக்கமின்மை, மூச்சு இரைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்த கதையாக இருந்தது. என் சிறுநீரகத்தைக் கொடுக்கிறேன் என்று சொன்னேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறதென்று தள்ளிவிட்டார்கள். அந்தப் பரிசோதனையில்தான் எனக்கே சர்க்கரை இருப்பது தெரிந்தது.

அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சென்னைக்கு ரயிலில் போய் டயாலிசிஸ். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நானும் கூடப் போவேன். மற்ற நாட்களில் வீட்டில் படுக்கை. இடது மணிக்கட்டில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே சின்ன மோட்டார் ஓடுவதுபோல் அதிரும். அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. நாள் முழுதுக்கும் அளந்து வைத்த தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். என் மனைவி காலையிலேயே ஒரு பாட்டிலில் கோடு போட்டு வைத்துவிடுவாள். அவன் அதை மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பான்.

நாலைந்து மாதம் கழித்து அவனுடைய ஷெட் முதலாளி என்னை எடை மேடைக்கே தேடி வந்தார். தடா பக்கத்து ஆள், தெலுங்கு கலந்துதான் பேசுவார்.

"உன் தம்பி இல்லாம டிராயிங்கு தப்புத் தப்பா வருது நைனா. ஊட்லயே ஒரு கம்ப்யூட்டர் வெச்சிக்கினு வரைஞ்சி குடுக்கச் சொல்லேன். நீதான் டெய்லி இங்க வர்றியே, கொண்டாந்து குடுத்துட்டுப் போ."

நான் போய்ச் சொன்னதும் அவன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். பல நாட்களாக யாரும் அவனிடம் ஒரு வேலையைச் சொல்லவில்லை. மாத்திரை போட்டுக்கொள், காலைத் தொங்கப்போடாதே, தண்ணீர் குடிக்காதே என்பவைதான் அவனோடு நாங்கள் பேசிய பேச்சுகள்.

"ரெடிமேடு வேணாம்ண்ணா. பார்ட்டு பார்ட்டா வாங்கிக்கினு நானே பூட்டுறேன்" என்றான்.

அது இரண்டாயிரத்து ஐந்து வாக்கில். அவன் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் வீடே மாறிப்போனது. கம்ப்யூட்டர் பத்திரிகைகளைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி வரச் சொல்வான். உடம்பு கொஞ்சம் தேவலையாக இருந்தால் தெருமுனை பிரவுசிங் சென்டருக்குப் போய் அரைமணி நேரம் உட்கார்ந்து எதையாவது குறித்துக்கொண்டு வருவான். நாற்பது பக்க நோட்டில் எழுதுவான், அடிப்பான், மறுபடி எழுதுவான். எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. ஆனால் ரயிலில் அவன் சொல்லிக்கொண்டே வருவான், நான் கேட்டுக்கொண்டே வருவேன்.

"பிராசசருதான் மூளைன்னு எல்லாரும் சொல்வாங்க. மூளைய எப்ப வேணா மாத்திக்கலாம்ண்ணா. மதர்போர்டுதான் முக்கியம். போர்டுல எந்த சாக்கெட்டு கீதோ அந்த பிராசசருதான் உக்காரும். எந்த ஸ்லாட்டு கீதோ அந்த ரேமுதான் போவும். போர்ட்ட தப்பா எடுத்துட்டோம்னு வெச்சிக்க, நாளைக்கி எல்லாத்தையும் சேத்து தூக்கிப் போடணும்."

அந்த வருடம் கடைகளில் இரண்டு ரகமும் இருந்தன. பழைய ரகத்தில் பிராசசரின் அடியில் நானூற்று எழுபத்தெட்டு ஊசிகள் இருக்கும். புதிய ரகத்தில் பிராசசர் வழவழவென்று இருக்கும், ஊசிகள் போர்டில் இருக்கும். பழைய போர்டில் ரேம் செருக இரண்டு இடம், அதுவும் பழைய ரேம். புதிய போர்டில் நான்கு இடம், புது வகை ரேம். இப்போதைக்கு வேலை இரண்டிலும் நடக்கும். ஆனால் அடுத்து வரப்போகும் இரண்டு கோர் பிராசசரைப் புதிய போர்டு மட்டும்தான் ஏற்றுக்கொள்ளும்.

"இப்போ ரெண்டு ரேம் போடுவோம். ரெண்டு ஸ்லாட்டு காலியா இருக்கட்டும். ரெண்டு மூணு வருசத்துல டிராயிங்கெல்லாம் பெருசாவும். அப்ப அதுல ரெண்டு போட்டுக்கலாம். அதுக்கப்புறம் பிராசசர மாத்தலாம். ஒரு அஞ்சாறு வருசத்துக்கு கவலையே இல்ல."

அவன் டிராஃப்ட்ஸ்மேன் அல்லவா, சும்மா எழுதி வைத்தால் மனது கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் அந்தப் போர்டை மேலிருந்து பார்ப்பதுபோல் அளவோடு பென்சிலில் வரைந்தான். திருகாணித் துளைகள், மின்விசிறியின் காற்று போகும் திசை, நான்கு ரேம் இடங்கள், எல்லாவற்றுக்கும் அம்புக்குறி போட்டு எழுதினான். அதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்தான். டயாலிசிஸ் வார்டில்கூட ஊசி குத்த வரும் டெக்னீஷியன், "இன்னா சார், போர்டு முடிவாச்சா?" என்று கேட்கும் அளவுக்கு அது எல்லோருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது.

ஒரு நாள் அவனை மெஷினில் போட்டுவிட்டு நான் வராந்தாவில் இருந்தபோது டாக்டர் கூப்பிட்டார். இதயத்தை ஸ்கேன் எடுத்த ரிப்போர்ட் அவர் மேஜையில் இருந்தது.

"ஹார்ட் ரொம்ப வீங்கியிருக்கு. சிறுநீரகம் கிடைச்சா வேற விஷயம். இல்லன்னா ஒரு வருஷம். நல்லா பாத்துக்கிட்டீங்கன்னா ஒன்றரை."

"அவன்கிட்ட சொல்லணுமா சார்?"

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

நான் வராந்தாவின் கடைசி வரைக்கும் நடந்தேன், திரும்பி வந்தேன். வார்டுக்குள் போனபோது அவன் இடது கையை அசையாமல் வைத்துக்கொண்டு வலது கையில் நோட்டைப் பிடித்திருந்தான். முகம் தெளிவாக இருந்தது.

"முடிவு பண்ட்டேண்ணா. நாலு ஸ்லாட்டு போர்டுதான். இனிமே மாத்த மாட்டேன்."

"சரிடா" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் இருவருமாகப் போய் வாங்கி வருவது என்று இருந்தோம். அன்று காலையில் அவனுக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. கட்டிலில் போர்த்திக்கொண்டு படுத்திருந்தவன் பட்டியலை மடித்து என்னிடம் கொடுத்தான். "பாய் கடையிலேயே வாங்கு. போர்டு நம்பர ஒரு தபா சரி பாத்துக்கோ" என்றான்.

பாய் என்பவர் சென்னை ரிச்சி தெருவில் கடை வைத்திருந்த பழவேற்காட்டுக்காரர். எங்கள் பக்கத்து ஆள் என்று அவரோடு தம்பிக்குப் பழக்கம். அவர் பட்டியலைப் படித்துவிட்டு, "எழுதினவரு விவரமான ஆளு" என்றார். புதிய போர்டு பெட்டி ஒன்றையும் பழைய போர்டு பெட்டி ஒன்றையும் எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் அருகருகே வைத்தார்.

"ஒண்ணு கேக்குறேன் சார், இந்த நாலு ஸ்லாட்டு போர்டு, வருசம் போவப் போவ ஏத்திக்கினே போறவங்களுக்கு. நாலு வருசம், அஞ்சு வருசம் வெச்சி ஓட்டறவங்களுக்கு. அந்த மாதிரி இல்ல, ஒரு வருசம் ரெண்டு வருசம் ஓடினா போதும்னா பழைய சாக்கெட்டே போதும். இன்னிக்கி வேலை ரெண்டும் ஒண்ணாத்தான் செய்யும். நீங்க எத்தினி வருசம் வெச்சிக்கப் போறீங்க?"

வருகிற எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, பில் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

பணம் என் பையில் இருந்தது. அவன் கேட்டதை வாங்கவும் இருந்தது, அதற்கு மேலும் இருந்தது. அதை நான் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு என் கண்முன் வந்தது வேறு. அவன் இல்லாத அறை, அவன் மேஜை, அதன்மேல் மூடிக்கிடக்கும் ஒரு கம்ப்யூட்டர், அதற்குள் யாரும் எதையும் செருகப்போகாத இரண்டு இடங்கள். அந்தக் காலி இடங்களைக் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோக எனக்குத் துணிவு வரவில்லை. இப்படித்தான் பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நிமிடத்தில் இவ்வளவு தெளிவாக எதுவும் இல்லை. டாக்டரின் குரல் காதில் இருந்தது, வாய் தானாகப் பேசியது.

"ரெண்டு வருசம் போதும் பாய்."

அவர் பழைய போர்டுக்கு ஏற்ற பிராசசரையும் ஒரே ஒரு ரேமையும் எடுத்து வைத்துவிட்டு, புதிய போர்டு பெட்டியை மறுபடி ஷெல்ஃபில் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது அவனுக்கு ஜுரம் இறங்கியிருந்தது. குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, மேஜையைத் துடைத்து, துண்டு விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் மனைவி அவன் பக்கத்தில் நின்றிருந்தாள். பையை வாங்கி முதலில் போர்டு பெட்டியைத்தான் எடுத்தான். அட்டையில் இருந்த நம்பரைப் படித்தான். பெட்டியைத் திறந்தான். வெள்ளிக் காகிதத்தை விலக்கி, போர்டை ஓரங்களில் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"ரெண்டுதான் கீது" என்றான்.

"அந்த போர்டு ஸ்டாக்கு இல்லியாம்டா. வர்றதுக்கு ஒரு மாசத்துக்கு மேல ஆவும்னாரு. அதான் இத்த வாங்கினு வந்துட்டேன். வேலை ரெண்டும் ஒண்ணுதான்னு பாயே சொன்னாரு."

"ஸ்டாக்கு இல்லியா?"

"இல்லன்ட்டாரு."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

"சரிண்ணா. இதுலயும் வேலை நடக்கும்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோய்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தை, தாள் கிழியாமல், மெதுவாக உரித்தெடுத்தான்.

மறுநாள் காலையில் பூட்டினோம். பிராசசரை அவனே உட்கார வைத்தான். ரேமை அழுத்திச் செருக இரண்டு கையும் வேண்டும். இடது கையால் அழுத்தக் கூடாதென்பதால் ஒரு பக்கத்தை அவன் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை என்னை அழுத்தச் சொன்னான்.

"அமுக்குண்ணா. பயப்படாத, உடையாது. ரெண்டு பக்கமும் கிளிக்குனு கேக்கணும்."

கேட்டது. ஸ்விட்ச் போட்டதும் ஒரே ஒரு பீப் சத்தம் வந்து திரை வெளிச்சமானது. என் மனைவி கை தட்டினாள். அவன் சிரித்தான். அவன் சிரிப்பதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லாமல் தெருவுக்கு வந்துவிட்டேன்.

சொன்னால் நம்ப வேண்டும், அதற்குப் பிறகு அவன் தேறினான். முதலாளி கொடுத்தனுப்பும் அளவுத் தாள்களை நான் சாயங்காலம் கொண்டுவருவேன். அவன் மறுநாள் பகலில் வரைந்து சிடியில் போட்டுத் தருவான். வேலை வந்ததும் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினான். தண்ணீரை அவனே அளந்தான். உப்பைக் குறைக்கச் சொல்லி என் மனைவியிடம் அவனே சண்டை போட்டான். ஒரு டயாலிசிஸைக்கூடத் தவற விட்டதில்லை. "வியாழக்கிழமை டிராயிங்கு குடுக்கணும்ண்ணா. புதன்கிழமை ரத்தம் கிளீனானாத்தான் வியாழக்கிழமை கோடு ஒழுங்கா வரும்" என்பான்.

ஒரு வருடம் முடிந்தது. ஒன்றரை வருடம் முடிந்தது. நான் மனதுக்குள் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அவன் இருந்தான். அந்த டாக்டர் மாற்றலாகிப் போய் வேறொருவர் வந்தார். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, ஹார்ட் கொஞ்சம் தேறியிருக்கே" என்றார். நான் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். வெளியே வந்து அவனுக்குத் தெரியாமல் அழுதுமிருக்கிறேன். ஆனால் அன்று ரயிலில் திரும்பும்போது, அவன் என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கையில், நான் அவன் பிழைத்ததை நினைக்கவில்லை. கண்ணாடி மேஜைமேல் இருந்த அந்த இரண்டு பெட்டிகளை நினைத்தேன்.

மூன்றாவது வருடத்தில் ஷெட்டுக்குப் பெரிய வேலை ஒன்று வந்தது. ஆர்டர் கொடுத்த பார்ட்டி அனுப்பும் ஃபைல்கள் எல்லாம் புதிய சாஃப்ட்வேரில் வந்தன. முழு டாங்கியையும் சுற்றிப் பார்க்கிற மாதிரி முப்பரிமாணத்தில் இருக்கும். அவன் கம்ப்யூட்டர் அதைத் திறக்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொண்டது. திறந்து ஒரு கோடு போடுவதற்குள் அப்படியே உறைந்து நிற்கும். அவன் எரிச்சல்படவில்லை. மற்ற எல்லாவற்றையும் அழித்தான். டாங்கியைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தனித்தனியே வரைந்து பார்த்தான். ஒரு நாள் வேலைக்கு நாலு நாள் ஆனது.

"ண்ணா, ரேம் மட்டும் ஏத்திப் பாப்போமா?" என்று ஒரு நாள் கேட்டான்.

நான் பாய் கடைக்கு ஓடினேன். "இந்த ரகம் வர்றதே நின்னு போச்சே சார். புதுச விட பழசுக்குத்தான் இப்ப வெல ஜாஸ்தி" என்று சொல்லி, எங்கெங்கோ கேட்டு ஒரு ரேம் வாங்கிக் கொடுத்தார். செருகினோம். இரண்டு இடமும் நிரம்பிவிட்டது. பெரிதாக ஒன்றும் மாறவில்லை. பிராசசரை மாற்றலாமா என்று கேட்டேன்.

"இந்த போர்டு அவ்ளோதாண்ணா. இதுக்கு மேல போவாது" என்றான். குறை சொல்கிற குரலே இல்லை. டாங்கித் தகட்டின் கனத்தைச் சொல்வதுபோல் சொன்னான்.

இரண்டு வாரம் கழித்து முதலாளி மறுபடி எடை மேடைக்கு வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"தப்பா எடுத்துக்காத நைனா. பார்ட்டி ஒரே பேஜாரு பண்றான். அம்பத்தூர்ல ஒரு ஆபீஸ்ல டிராயிங்க குடுத்துட்டேன். தம்பிக்கு வேற இன்னா வேணும்னாலும் கேளு, செய்றேன்."

நான் அவரிடம், புதிதாக ஒன்று வாங்கிவிடுகிறோம், ஒரு மாதம் பொறுங்கள் என்று கெஞ்சினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார்.

அன்றைக்கு ஷிஃப்ட் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ரிச்சி தெருவுக்குப் போய், பாயிடம் இருப்பதிலேயே நல்ல போர்டு, நல்ல பிராசசர், போடக்கூடிய அளவுக்கு ரேம் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவனைக் கேட்கவில்லை. பட்டியல் எதுவும் கிடையாது. அவன் கட்டிலில் படுத்தபடியே பெட்டிகளைப் பார்த்தான்.

"வேலை போயிடுச்சா?" என்றான்.

நான் சொன்னேன்.

"அப்ப மிஷினு இன்னாத்துக்குண்ணா?"

"வேற ஷெட்டுல கேக்கலாம்டா. எஸ்டேட்ல எத்தினி ஷெட்டு கீது."

"கேளு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கேட்டேன். பதினைந்து இருபது ஷெட்டுகளில் ஏறி இறங்கினேன். நோயாளி வீட்டில் உட்கார்ந்து வரைவான் என்றால் யார் கொடுப்பார்கள்? பெட்டிகள் பிரிக்கப்படாமல் மேஜைக்கு அடியிலேயே இருந்தன. என் மனைவி பெருக்கும்போது அவற்றை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

அந்த மாதத்தில்தான் முதல் தடவையாக, "இன்னிக்கி போவ வேணாம்ண்ணா, அசதியா கீது" என்று சொல்லி ஒரு டயாலிசிஸை விட்டான். அடுத்த முறை நானும் என் மனைவியும் வற்புறுத்திக் கிளப்பினோம். ரயிலில் கூட்டம் இல்லை. அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆவடி தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டியே?"

"கேளுடா."

"அன்னிக்கி ஸ்டாக்கு இல்லன்னு சொன்னியே. நீ ஊட்ட விட்டு கெளம்பினப்புறம் நான் பாய்க்கு போன் பண்ணி, பேரு சொல்லாம, ஸ்டாக்கு மட்டும் கேட்டேன். மூணு பீசு கீதுன்னாரு."

என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை. எதிர் சீட்டில் ஒரு பெண் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் எத்தினி நாளு இருப்பேன்னு நெனச்சண்ணா அப்போ? சொன்னா நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன். தெரிஞ்சிக்கணும், அவ்ளோதான்."

மூன்று வருடம் அவன் அதை மனதில் வைத்துக்கொண்டே என்னோடு சாப்பிட்டிருக்கிறான், என் தோளில் தூங்கியிருக்கிறான். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால், அவன் என்னைத் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வழி பிறந்திருக்கும். பேசின் பிரிட்ஜில் சிக்னலுக்காக வண்டி நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் காத்துக்கொண்டிருந்தான்.

"பாய் உங்கிட்ட தப்பா சொல்லியிருப்பாருடா. நான் போனப்ப இல்ல" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி" என்றான்.

அதன் பிறகு நாங்கள் சண்டை போடவில்லை. சாதாரணமாகத்தான் இருந்தோம். ஆனால் அவன் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டான். மாத்திரை தீர்ந்தால்கூட அண்ணியிடம்தான் சொல்வான். டயாலிசிஸுக்கு வர மறுப்பது அடிக்கடி நடந்தது. கெஞ்சினால் வருவான், மிரட்டினால் வரமாட்டான்.

மழைக்காலத்தில் ஒரு வாரம் இரண்டு முறையும் போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலை, நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. ஓடி வந்தேன். அவன் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் சொம்பு காலியாக உருண்டு கிடந்தது. குடத்திலிருந்து மொண்டு மொண்டு வயிறு நிறையக் குடித்திருந்தான். சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மூச்சு கொரகொரவென்று இழுத்தது.

"நான் குளிக்கப் போயிருந்தேங்க. அதுக்குள்ள" என்று என் மனைவி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆட்டோவில் என் மடியில் போட்டுக்கொண்டு போனோம். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டானா, அல்லது நான்தான் பிடித்துக்கொண்டேனா, நினைவில்லை. மணிக்கட்டில் அந்த அதிர்வு இருந்தது. திருவள்ளூரில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதும் இருந்தது. ஏழரை மணி இருக்கும், உள்ளே கொண்டுபோனார்கள். கால்மணி நேரத்தில் வெளியே வந்து சொன்னார்கள். நான் உள்ளே போய் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தேன். நின்றிருந்தது.

அவனுக்கு அப்போது முப்பது முடிந்திருந்தது. டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி இரண்டு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறான். வந்தவர்கள் எல்லோரும், நீங்கள் பார்த்துக்கொண்டதால்தான் இத்தனை நாள் இருந்தான் என்று என்னிடம் சொன்னார்கள். நான் கை கூப்பினேன்.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த முதல் நாள், டாக்டர் அன்று சொன்னதை முதல் முறையாக என் மனைவியிடம் சொன்னேன். நான்கு வருடமாக நான் ஒருவனே சுமந்ததை இறக்கி வைப்பதாக நினைப்பு. அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"யார் சொன்னது?"

"தம்பிதான். உங்களக் கூப்ட்டு சொல்றதுக்கு முன்னாடியே அவரே டாக்டர மடக்கிக் கேட்டுக்கினாராம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. அண்ணன் தாங்க மாட்டாருன்னாரு."

"தெரிஞ்சேவா அந்த போர்டக் கேட்டான்?"

"நானும் அதான் கேட்டேன். ஒரு வருசம்னு சொல்றாங்களே, நீங்க அஞ்சாறு வருசத்துக்கு வாங்கறீங்களேன்னு. சிரிச்சாரு. எல்லாரும் நான் போயிடுவேன்னு பாக்கறாங்க அண்ணி, வாங்கற சாமானாவது நான் இருப்பேன்னு நெனைக்கட்டுமேன்னாரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம். அன்னிக்கின்னு பாத்து கடையில ஸ்டாக்கு இல்லாம போச்சி. இருந்திருந்தா எவ்ளோ சந்தோசப்பட்டிருப்பாரு இல்ல?"

தான் பாய்க்கு போன் செய்ததை அவன் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமலே போயிருந்தான். அவள் என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா" என்றேன்.

அவள் என் தட்டைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி சாதம் வைத்து ரசம் ஊற்றினாள். நான் தலையைக் குனிந்துகொண்டு அதைச் சாப்பிட்டு முடித்தேன்.